குளியல் லீவு

பாஷ்யம் மாமாவின் கால் கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. தாடையிலிருந்து உச்சந்தலைவரை இழுத்து ஒரு துணிக்கட்டு. உடம்பைத் துடைத்து, பவுடர் போட்டு, தலை வாரி, கழுத்துவரை வெள்ளைப் போர்வை போர்த்தியிருந்தது. பக்கத்து ஸ்டூலில் பஞ்சு டப்பா திறந்தபடி இருந்தது. மூக்கில் பஞ்சு வைப்பது ஒன்றுதான் பாக்கி.

மாமா உயிரோடு இருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றே முக்கால் மணி. தினமும் அந்த நேரத்துக்கு அவர் மனைவி வஸுமதி மாமி பிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு வருவார். அன்றைக்கும் வந்தார். முதலில் பிளாஸ்க் விழுந்த சத்தம், அப்புறம் மாமியின் அலறல். ஆக்சிஜன் சிலிண்டர்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்த நான் போனை மேஜையில் போட்டுவிட்டு ஓடினேன். அந்தக் கட்டைப் பார்த்ததும் நானும் நம்பிவிட்டேன். காலையில்கூட நன்றாக இருந்தாரே என்று நினைத்தேன். அப்புறம்தான் போர்வை ஏறி இறங்குவது கண்ணில் பட்டது.

கட்டை அவிழ்த்தேன். மாமா கண்ணைத் திறந்து, "என்ன இரைச்சல்?" என்றார்.

கட்டிலின் கால்மாட்டில் ஸ்ரீஜா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் பேண்டேஜ் சுருள், இன்னொரு கையில் கத்தரிக்கோல். மாமாவையும் பார்க்கவில்லை, மாமியையும் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாய் முந்திக்கொள்ளும். அன்றைக்கும் முந்திக்கொண்டது. வார்டு முழுக்கப் பார்க்க, "புத்தி எங்கடி மேயப் போச்சு? செத்தவங்க யாரு, உயிரோட கீறவங்க யாருன்னு கூடவா தெரியல? வெளிய போடி!" என்று கத்தினேன். அவள் பேண்டேஜைச் சுருட்டி ஸ்டூலில் வைத்தாள். பஞ்சு டப்பாவை மூடினாள். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நிஜமாகவே வெளியே போய்விட்டாள்.

நான் சுலோசனா. திருப்பதியில் படுத்த படுக்கையாகிவிட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தனியார் இல்லத்தில் இன்சார்ஜ் சிஸ்டர். இருபத்திரண்டு கட்டில். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள் கொண்டுவந்து சேர்ப்பார்கள். சேர்ந்தவர்களில் நடந்து திரும்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். துடைக்க, ஊட்ட, திருப்பிப் படுக்கவைக்க ஒன்பது பெண்கள். அவர்கள் மேல் நான். எனக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ்.

அந்த ஒன்பது பேரில் ஸ்ரீஜா மாதிரி வேலைக்காரி கிடையாது. இருபத்தாறு வயது, பிச்சாட்டூர் பக்கம். என்னைப் போலவே ஆந்திர எல்லையோரத்துத் தமிழ்க் குடும்பம், என் ஊர் விஜயபுரம். மூன்று வருடத்தில் அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. அதனாலேயே கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களை எல்லாம் அவளிடம் தள்ளினேன். மற்றவர்கள் ஒரு சாவுக்கு இரண்டு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிவார்கள், வேலை கெடும். "ஸ்ரீஜாவைப் போடு" என்பது எங்கள் வார்டில் ஒரு வைத்தியம் மாதிரி ஆகிவிட்டது.

அன்று காலை பதினோரு மணிக்கு நாலாம் கட்டில் கிருஷ்ணப்பா போய்விட்டார். நாகலாபுரத்து விவசாயி. அந்த வாரத்தில் அது மூன்றாவது. ஸ்ரீஜாதான் அவரைத் துடைத்து, கட்டுப் போட்டு, ஒரு மணிக்கு வேனில் ஏற்றினாள். "அப்படியே ஆறாம் கட்டிலுக்கு உடம்பு துடைச்சிடு" என்று சொல்லிவிட்டேன். ஆறாம் கட்டில்தான் பாஷ்யம் மாமா. திருமலையில் நாற்பது வருடம் கோயில் கைங்கரியம் செய்தவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. துடைக்கப் போனவளின் கை துடைப்பதோடு நிற்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் இல்லத்தில் ஒரு பழக்கம் இருந்தது. இறந்தவரை யார் துடைத்துக் கட்டுகிறாளோ, அவள் அதோடு அன்றைய வேலையை விட்டுவிடுவாள். வேறு யாரையும் தொடாமல் நேரே வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு மறுநாள் வருவாள். குளியல் லீவு என்று பெயர். ஆரம்பித்தவர் யாரென்று தெரியாது, தீட்டு என்றுதான் ஆரம்பித்திருக்கும். நான் பி.எஸ்ஸி நர்சிங் படித்தவள். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். ஒரு சாவுக்கு ஒரு ஆள் குறைந்தால் மிச்சம் இருபத்தொரு பேரை யார் பார்ப்பது? போன உகாதிக்கு முந்தின வாரம் ஐந்து சாவு விழுந்தது. ஐந்து குளியல் லீவு. ஐந்தாவது லீவு அன்றைக்குச் சாயங்காலமே எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன். "தீட்டெல்லாம் வூட்டோட வெச்சிக்குங்க. பின்னாடி பாத்ரூம் கீது, சோப்பு கீது. கைய கழுவிக்கினு அடுத்த பெட்டுக்குப் போங்க." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. டாக்டர் சிவசங்கரன், அவர்தான் முதலாளி, தெலுங்கு கலந்துதான் பேசுவார், "சுலோசனா காரு, இது லீடர்ஷிப்!" என்று கை கொடுத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

புதன்கிழமை ஸ்ரீஜா வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். அவளோடு அறையில் தங்கியிருக்கும் ஸ்வர்ணலதாவைக் கேட்டால், "நேத்தே ஊருக்கு பஸ் ஏறிட்டா மேடம். ஒரு வார்த்த பேசல" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுடைய ஐந்து நோயாளிகளை நானும் ஸ்வர்ணலதாவும் பங்கு போட்டுக்கொண்டோம். அன்று முழுக்க என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு கட்டிலில் ஊட்டும்போதே அடுத்த கட்டிலை எண்ணுவேன், அங்கே போனால் முந்தின கட்டிலில் எதை விட்டுவிட்டு வந்தேன் என்று யோசிப்பேன்.

பாஷ்யம் மாமாவைத் திருப்பிப் படுக்கவைத்தபோது அவர், "அந்தப் பொண்ணு எங்கேம்மா?" என்றார்.

"லீவு மாமா. நேத்து தூங்கினவர எழுப்பி பயமுறுத்திட்டோம். மன்னிச்சுக்குங்க."

"நான் எங்கே தூங்கினேன்? கண்ணை மூடிண்டு மனசுக்குள்ளே பாசுரம் சேவிச்சுண்டிருந்தேன். அவ துடைக்கறச்சே என் மார் மேலே சொட்டு சொட்டா விழுந்தது. வெந்நீராக்கும்னு நினைச்சேன். ஓரக்கண்ணால பார்த்தா, அவ அழுதுண்டிருக்கா."

"அழுதாளா? ஸ்ரீஜாவா?"

"ஆமா. கண்ணைத் திறந்தா சங்கோஜப்படுவாளேன்னு சும்மா இருந்துட்டேன். காலைக் கட்டறப்போதான், அடடா, நம்மையும் சேர்த்துட்டா போலிருக்கேன்னு புரிஞ்சுது."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே மாமா!"

"சொல்றதுக்குள்ளே தாடையைக் கட்டிட்டாளே. பஞ்சை எடுத்தா கையைப் பிடிச்சுக்கலாம்னு இருந்தேன். வலது கை நன்னாத்தானே இருக்கு." அவருக்குச் சிரிப்பு வந்தது. "எங்காத்து மாமிதான் ஊரைக் கூட்டிட்டா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் ஏன் அழுதாள் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி என் பக்கம்தான் வரும்.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். மாமாவின் மகன் ரகுராம் பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறாராம். நடவடிக்கை எடுக்காவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று போனில் சொல்லியிருக்கிறார். டாக்டர் டைப் செய்த ஒரு கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். பணி நேரத்தில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனக்குறைவு ஏற்பட்டது, தவறு முழுவதும் என்னுடையது, வேலையிலிருந்து விலகுகிறேன். கீழே ஸ்ரீஜாவின் பெயர். அதற்குக் கீழே, மேற்கண்டது உண்மை என்று என் பெயர்.

"அவ போன் பார்க்கல சார்."

"ஏதோ ஒரு ரீசன் எழுதணும் கதா? டயர்டா இருந்தான்னு எழுதினா, ஏன் டயர்டுன்னு கேப்பாங்க." அவர் மேஜைமேல் இருந்த இன்னொரு காகிதத்தைத் தட்டினார். "அதுவும் இல்லாம, இதோ, ஜூன்ல எடுத்த மனநல ஃபார்ம். ஸ்ரீஜாவுக்கு எல்லாத்துலயும் அஞ்சுக்கு அஞ்சு. மனசு நல்லா இருக்கற பொண்ணு இப்படிப் பண்ணினா அது கேர்லெஸ்தான். நீங்க நாளைக்கே போய் சைன் வாங்கிட்டு வந்துடுங்க."

அந்தக் காகிதத்தை நான் மறந்தே போயிருந்தேன். டாக்டர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து ஊழியர்களின் மனநலம் என்று பன்னிரண்டு கேள்வி கொடுத்திருந்தார். இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா? வேலை முடிந்த பிறகும் நோயாளிகளின் நினைவு வருகிறதா? காரணமில்லாமல் கோபம் வருகிறதா? ஒரு தொல்லையும் இல்லை என்றால் ஐந்து மார்க். ஐந்து மணிக்குள் கொடுக்கச் சொன்னார். அன்றைக்கு இரண்டு சாவு. யாருக்கு உட்கார்ந்து எழுத நேரம்? டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது பேருடையதையும் நானே போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்ரீஜாவின் ஃபார்முக்குத்தான் நேரமே ஆகவில்லை, எதிலும் யோசிக்கவில்லை. அவளா, அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறாள். பத்தாவது ஃபார்ம் என்னுடையது. அதிலும் எல்லாம் ஐந்து.

கடிதத்தை எடுத்துக்கொண்டேன். அது ஃபைலில் ஏறினால் திருப்பதியில் எந்த இடத்திலும் ஸ்ரீஜாவை வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள். செவிலியர் படிப்புக்கு அப்ளை பண்ண மூன்று வருட சர்டிபிகேட் கேட்டுக்கொண்டிருந்தாள், அதுவும் போகும். எல்லாம் தெரிந்துதான் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஸ்கூட்டியில் கிளம்பினேன். புத்தூர் வரை லாரிகளுக்கு நடுவில், அப்புறம் நாராயணவனம் வழியாக. வழியில் நாலு தடவை வண்டியை ஓரம் கட்டி வார்டுக்குப் போன் பண்ணினேன். ஒன்பதாம் கட்டிலுக்குக் குழாய் வழி கஞ்சி போச்சா? பதினான்கைத் திருப்பிப் போட்டாயா? நாலாவது தடவை ஸ்வர்ணலதா, "மேடம், நீங்க போன் பண்ணிக்கினே இருந்தா நான் எப்ப போடறது?" என்றாள். அவளையும் திட்டினேன்.

ஸ்ரீஜாவின் அப்பா முனிகிருஷ்ணன் களத்தில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "நீதான் சுலோசனா மேடமா? வாம்மா. எப்பப் பார்த்தாலும் உன் பேச்சுதான் பேசும் எங்க பொண்ணு. மேடம் இருக்கறதாலதான் நான் அங்க இருக்கேன் நைனான்னு சொல்லும்."

"ஸ்ரீஜா எங்க?"

"காலைல ஏழு மணி பஸ்ஸுக்கே டூட்டிக்குன்னு கிளம்பிச்சே. அங்க வரலியா?"

"நான் வேற வேலையா நேத்தே இந்தப் பக்கம் வந்துட்டேன் நைனா. போயிருக்கும்" என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன். அவர் ஒரு பை நிறையக் கடலை அள்ளிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஊர் எல்லை தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினேன்.

வீட்டில் டூட்டி என்று சொல்லியிருக்கிறாள். டூட்டிக்கு வரவில்லை. போன் ஆஃப். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஆரணியாற்று அணை, கார்த்திகை மழையில் நிறைந்து கிடக்கிறது. நான் வேறு எதை நினைப்பேன்?

கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன், அப்புறம் ஓடினேன். "ஸ்ரீஜா, ஸ்ரீஜா" என்று கத்தினேன். ஆடு மேய்க்கும் ஒரு பொம்பளை என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் மனசில் முதலில் வந்தது, நாளைக்கு அவளுடைய கட்டில்களுக்கு யாரைப் போடுவது என்பதுதான். இரண்டாவதாகத்தான் ஐயோ என்று வந்தது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மேடம், நாகலாபுரம் கிருஷ்ணப்பா மருமக பேசறேன். உங்க ஆஸ்பத்திரிப் பொண்ணு ஒண்ணு காலைலயே எங்க வூட்டுக்கு வந்து கீது. மாமனாருக்கு இன்னிக்குப் பாலு. அழுதுக்கினே கீது, ஒரு வாய் துன்ன மாட்டேங்குது. யாரனா வந்து இட்டுனு போங்க."

என் வாயிலிருந்து "அப்பாடா" என்று சத்தமாக வந்தது. ஆட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்தாள்.

நாகலாபுரத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் நெல் வயலை ஒட்டி மோட்டார் கொட்டகை. அங்கே வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஸ்ரீஜாவும் தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். தலை சொட்டச் சொட்ட ஈரம். யாருடைய பழைய புடவையையோ சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துவைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "போன ஆஃப் பண்ணிட்டு இங்க இன்னாடி பண்ற?" என்றேன், அதுவும் மெதுவாகத்தான் வந்தது.

"கிருஷ்ணப்பாவுக்குத் தலைக்கு ஊத்திக்கலாம்னு வந்தேங்கா." இத்தனை நாள் மேடம் என்றவள் அக்கா என்றாள். "மாமா எப்படிக் கீறாரு?"

"நல்லா கீறாரு. உன்னத்தான் கேட்டாரு."

"என் கை நிக்கலக்கா. தொடச்சேன், பவுடர் போட்டேன், தலைய வாரினேன். அதுக்கப்புறம் கை அதும்பாட்டுக்குக் கட்டிக்கினு போச்சு. நான் கிருஷ்ணப்பாவத்தான் தொடச்சிக்கினு இருந்தேன். அவரு வண்டில போனது எனக்குத் தெரியும், நான்தானே ஏத்தினேன். ஆனா அவரு போகல. யாருமே போகலக்கா. உகாதியில இருந்து பதினேழு பேரு. ஒருத்தர வண்டில ஏத்திட்டு வந்து அடுத்தவருக்குச் சோறு ஊட்டினேன். எல்லாரும் அங்கியேதான் கீறாங்க."

விரலை மடக்கிப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். கட்டில் நம்பர் அல்ல, பெயர்கள். அதில் ஆறேழு பேரை எனக்கு ஞாபகமே இல்லை. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீ படிச்சவ. இன்னிக்கு ஊத்திக்கினது பதினேழு பேருக்கும் சேர்த்து ஆவுமா?"

"தெரியலடி" என்றேன்.

என் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த காகிதத்தை அவளே கவனித்தாள். "எனக்கா?" என்று கேட்டு வாங்கிப் படித்தாள். "நான் போன் பார்க்கலியேக்கா."

"தெரியும்."

"சரி, எங்க போடணும்?"

"ஏய், இதப் போட்டா உனக்கு வேற எங்கயும் வேல கிடைக்காது."

"போடலன்னா உன்னக் கேப்பாங்க இல்ல?" தொட்டிச் சுவரில் காகிதத்தை வைத்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். "நான் திரும்பி வரலக்கா. வந்தா மறுபடியும் யாரையாவது கட்டிடுவேன். பயமா கீது."

நான் அந்தக் கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆமாம், வைத்துக்கொண்டேன். நல்லவள் மாதிரி இங்கே எதையாவது மாற்றி எழுதலாம்தான், ஆனால் நடந்தது இதுதான்.

கிளம்பத் திரும்பியபோது கிருஷ்ணப்பாவின் மருமகள் குறுக்கே நின்றாள். "எங்க போற? சாவு வூட்டுக்கு வந்துட்டு அப்படியே போவக்கூடாது. வா, தலைக்கு ஊத்திக்க."

"எனக்கு டூட்டி கீதும்மா. வேற துணி இல்ல."

"துணி நான் தரேன். உக்காரு."

என்னை யாராவது அதட்டி எத்தனை வருடம் ஆயிற்று! உட்கார்ந்தேன். முதல் குடம் தண்ணீர் தலையில் விழுந்தபோதுகூட ஒன்பதாம் கட்டிலின் இரண்டு மணிக் கஞ்சியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது குடத்தை ஸ்ரீஜா வாங்கி ஊற்றினாள்.

"நீ கடைசியா எப்பக்கா ஊத்திக்கின?" என்றாள்.

இன்சார்ஜுக்குக் குளியல் லீவு கிடையாது. இன்சார்ஜ் ஆவதற்கு முன்னாலும் நான் எடுத்ததில்லை. இப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் லோகேஸ்வரன் அசந்து தூங்கினால் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். "நான் இன்னும் போவலடி" என்று அவர் கிண்டல் பண்ணுவார். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அப்புறம் விடியும்வரை கண்ணை மூடமாட்டேன். இதை ஸ்ரீஜாவிடம் சொல்லவில்லை. அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, ஸ்ரீஜாவை அவள் ஊரில் இறக்கிவிட்டேன். அவள் அப்பாவிடம், "பொண்ண தனியா விடாதீங்க நைனா. அதுக்கு உடம்பு சரியில்ல. நாலு நாள்ல நானே வந்து நல்ல டாக்டர்கிட்ட இட்டுனு போறேன்" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் அறையில் ரகுராம் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கையை நீட்டினார். "லெட்டர் வாங்கினீங்களா?"

"வாங்கினேன் சார். தரமாட்டேன்."

டாக்டர் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். நான் ரகுராமைப் பார்த்துச் சொன்னேன். "சார், அந்தப் பொண்ணு போன் பார்க்கல. அன்னிக்குக் காலைல ஒருத்தர் செத்தாரு. அவரத் தொடச்ச கையோட உங்க அப்பாவத் தொடைக்கச் சொன்னது நான். முன்னல்லாம் ஒரு சாவு விழுந்தா தொடச்சவங்கள வூட்டுக்கு அனுப்பிடுவோம். அத நிறுத்தினதும் நான். ஒன்பது மாசத்துல பதினேழு பேர அவ ஒருத்தி தலையிலயே கட்டினேன். கேஸ் குடுக்கறதா இருந்தா என் பேர்ல குடுங்க."

"சுலோசனா காரு!" டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த ஃபார்ம்ல அந்தப் பொண்ணே நல்லா இருக்கேன்னு..."

"அது அவ போட்டதில்ல சார். ஒன்பதும் நான் போட்டது."

ரகுராம் என் பக்கம் திரும்பினார். "அப்பா நேத்திக்கே போன்ல சொன்னார்" என்றார். "முழிச்சுண்டுதான் இருந்தாராமே. அந்தப் பொண்ணை ஒண்ணும் பண்ணிடாதேன்னு என்னைத்தான் திட்டினார். நான் கேஸெல்லாம் குடுக்கப் போறதில்லை." பிறகு டாக்டரிடம், "அவளுக்கு என்ன சர்டிபிகேட் குடுக்கணுமோ, நன்னாவே குடுத்துடுங்கோ" என்றார்.

டாக்டர் தலையாட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோபம் இன்னும் போகவில்லை. "ஃபார்ம் பத்து இருந்துச்சே. பத்தாவது?"

"அது என்னோடது சார். அதுவும் பொய்."

"எது பொய்?"

நான் தைரியமாகப் பேசத்தான் போயிருந்தேன். குளியல் லீவை மறுபடி கொண்டுவர வேண்டும், சாகக் கிடக்கிறவர்களை ஒருத்தி தலையிலேயே கட்டக்கூடாது, இன்னும் இரண்டு ஆள் போட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். ஒன்றும் வரவில்லை. "எனக்கு முடியல சார்" என்றுதான் வந்தது. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத ரகுராம் முன்னால், முதலாளி முன்னால், மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். ரகுராம் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு மாசம் லீவு வேணும் சார்" என்றேன். "இன்னில இருந்து."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபம் போய், என்ன செய்வதென்று தெரியாத முகம். "அப்ப வார்டை யார் பார்க்கறது?" என்றார்.

யார் எந்தக் கட்டிலில், எத்தனை மணிக்கு, யாருக்குப் பதில் யார் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். பத்தொன்பது வருடமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்ததில்லை.

"தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.